வலப்பக்கத் தலையிடி, இடக்கால் செருப்பு

எனக்குத் தலையிடி வரும் நாளில் இவர் முதலில் செய்வது சேவலைப் பிடிப்பது. பிடித்துக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு போய்த் தன் தங்கச்சி வீட்டில் கட்டிவிட்டு வருவார். பிறகு ஜன்னலுக்குச் சாக்குப் போடுவார். பிறகு வாசலில் உட்கார்ந்து, வருகிற ஆட்களைக் கையைக் காட்டியே திருப்பி அனுப்புவார். ஒரு சொல் பேசமாட்டார். கல்யாணம் முடித்த காலத்திலிருந்து இப்படித்தான்.

வலப்பக்கம் மட்டும் இடிக்கும். முதலில் கண்ணுக்குள் மின்னும். வெயிலில் ஆற்றுத் தண்ணீர் மினுங்குமே, அப்படி. ஆனால் வளைந்து வளைந்து கோடாக வரும். அது போனதும் இடி. சத்தம் ஆகாது. வெளிச்சம் ஆகாது. மீன் மணம் ஆகாது. மீனில் சீவிக்கிற எனக்கு மீன் மணம் ஆகாது. சத்தி எடுத்து வயிறு காலியானால் கொஞ்சம் குறையும். அடுத்த நாள் எழும்பி வேலைக்குப் போவேன். மாதத்தில் ஒருமுறை வரும், போகும். ஊரில் கபாலக்குத்து என்பார்கள். டொக்டர்மார் மைக்ரேன் என்பார்கள். பெயர் எதுவானாலும் இடி ஒன்றுதான்.

எங்கள் ஊர் பனிச்சங்கேணி. இவருக்கு வீச்சுவலை. எனக்குக் கை இறால். வாவியில் தண்ணீர் வற்றும் நேரம் பெண்கள் இறங்கி, குந்தியபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்போம். பிடித்ததை இடுப்பில் கட்டிய பறிக்குள் போடுவோம். எங்களுக்குக் கண் வேண்டாம், விரலே பார்க்கும் என்று பெண்கள் சொல்வதுண்டு. அது பேச்சுக்கு. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். முதலை கிடக்கிற ஆறு. கண் இல்லாமல் யார் இறங்குவது?

வேலை நடுவில் இவர் தேத்தண்ணி கொண்டுவருவார். நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பரவி நிற்போம். இவர் கூப்பிட மாட்டார். கரைச் சேற்றில் என் கால்தடத்தைப் பிடித்துக்கொண்டு நேரே வந்து நிற்பார்.

"இத்தனை பேர்ட கால் கிடக்கு. எப்படி அண்ணே அக்காட காலெண்டு தெரியுது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவட பெருவிரல் பக்கத்து விரலோட கோவம். தள்ளித்தான் நிற்கும்" என்றார்.

அந்தப் பேச்சு ஊர் முழுக்கச் சுற்றியது. நான் தண்ணீரில் இறங்கும்போதெல்லாம், "விரலுக்கு இன்னும் கோவம் தீரல்லையா?" என்று கேட்பார்கள்.

போன மாரி முடிந்த பிறகு தலையிடி கூடியது. மாதம் ஒன்று என்பது வாரம் ஒன்றானது. பிறகு வாரம் ரெண்டு. தலையில் சீப்பு வைக்க முடியவில்லை. சோறு மெல்லத் தாடை நோகும். பின்னேரமானால் உடம்பு இலேசாகக் காயும். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்வது, சேவல்தான் இரண்டு மடங்கு நடக்கும்.

ஒருநாள் தண்ணீரில் நிற்கும்போது வலக்கண் இருண்டது. மின்னல் போய்விட்டது, இருட்டு மட்டும் நின்றது. இறாலைப் பறிக்குள் போடுவதாக நினைத்து வெளியே போட்டுக்கொண்டு நின்றேன். தேத்தண்ணியோடு வந்தவர் அதைப் பார்த்தார்.

"புள்ள, இறால் ஆத்துக்குள்ள போகுது."

"தெரியல்ல."

"என்ன தெரியல்ல?"

"இந்தக் கண்ணுக்குத் தெரியல்ல."

கொஞ்ச நேரத்தில் பார்வை திரும்பியது. ஆனால் அன்று இவர் சேவலைப் பிடிக்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு வெளிக்கிட்டார்.

ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். நான் ஊரில் செருப்புப் போடுவதில்லை. பட்டினத்துக்கு என்றபடியால் மகள் விட்டுப்போன பழைய செருப்பைப் போட்டுக்கொண்டேன். தொளதொளவென்று கிடந்தது. பஸ்ஸால் இறங்கியதும் வார் அறுந்தது. வெறுங்காலோடுதான் ஆஸ்பத்திரிக்குள் போனேன்.

வாங்கில் இடம் கிடைக்க நேரமானது. இவர் தன் துவாயை என் தலைக்கு மேலே போட்டு, தானும் வெயில் மறைய முன்னால் நின்றார். பக்கத்தில் இருந்த மனிசி கேட்டாள்:

"அண்ணே, அக்காவுக்கு என்ன வருத்தம்?"

"வெளிச்சம் ஆகாது."

"வெளிச்சம் ஆகாட்டி என்னத்துக்குப் பகலில கூட்டி வந்த?"

இவர் யோசித்தார். "ராவில பஸ் இல்லையே" என்றார். துவாய்க்குள் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடித்தது.

வாட்டில் கட்டில் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் ஓட்டமாவடி முஸ்லிம் அக்கா ஒருவர். ராத்தா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நெஞ்சு வருத்தத்துக்கு வந்தவர். என்னைவிட மூப்பு. வாய் மட்டும் ஓயாது. என்னைப் பார்த்துவிட்டு முதல் நாளே சொன்னார்: "அல்லாஹ் எனக்குக் கதைக்கத் தந்திரிக்கான், உனக்குக் கேக்கத் தந்திரிக்கான். சரியாப் போச்சு, தங்கச்சி." ஆனால் என் இடி வந்தால் வாயைப் பொத்திக்கொள்வார். மற்றவர்களையும் அடக்குவார். அவர் அடக்குகிற சத்தம்தான் பெரிதாக இருக்கும்.

எங்கள் கட்டில்களைப் பார்த்தது ஒரு இளம் பெண் டொக்டர். யாழ்ப்பாணப் பக்கத்துப் பிள்ளை. என் மகளின் வயது இருக்கும். எதையும் மறைக்காமல் சொல்லும்.

ரத்தம் எடுத்தார்கள். அதில் இரண்டு சோதனைகளை அந்தப் பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து எனக்கு விளங்கப்படுத்தியது. ஒன்றுக்கு ஈ.எஸ்.ஆர். என்று பெயர். ரத்தத்தை ஒடுங்கிய குழாயில் நிறுத்தி வைத்து, சிவப்பு எவ்வளவு வேகமாக அடியில் இறங்குகிறது என்று பார்ப்பது. செம்பில் ஆற்றுத் தண்ணீரை அள்ளி வைத்துச் சேறு இறங்குவதைப் பார்ப்போமே, அப்படி என்று நான் விளங்கிக்கொண்டேன். உடம்பில் அழற்சி இருந்தால் வேகமாக இறங்குமாம். மற்றது சி.ஆர்.பி. எங்காவது புண், சீழ், வீக்கம் என்றால் ஈரல் ஒரு புரதத்தை ரத்தத்தில் விடுமாம். அதை அளப்பது. அழற்சி என்றால் உடம்பு ஏதோ ஒன்றோடு சண்டை பிடிக்கிறது என்று அர்த்தம். சிவக்கும், சுடும், வீங்கும். வெளியே என்றால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே என்றால் ரத்தத்தைத்தான் கேட்க வேண்டும்.

எனக்கு இரண்டும் கூடிக் கிடந்தன.

"தலையிடியாலயா மிஸ்?" என்று கேட்டேன்.

"மைக்ரேன் இருக்கிற ஆக்களில சிலருக்கு இது கொஞ்சம் கூட இருக்கும் அம்மா. அழற்சி தலையிடியைக் கிளப்புதோ, தலையிடி அழற்சியைக் கூட்டுதோ, இல்லாட்டி ரெண்டுக்கும் வேற காரணமோ எண்டு இன்னும் ஆராய்ஞ்சுகொண்டுதான் இருக்கினம். ஆனா உங்களுக்குக் கொஞ்சம் இல்லை, நல்லாக் கூட. தலையிடி மட்டும் இவ்வளவு கூட்டாது."

"அப்ப வேற என்ன?"

"அதைத்தான் தேடவேணும். எங்கயோ பிழை எண்டு ரத்தம் சொல்லும். எங்க எண்டு சொல்லாது."

அது எனக்கு நன்றாக விளங்கியது. ஆறு கலங்கி வந்தால் மேலே ஏதோ இறங்கியிருக்கிறது. எருமையா, வலையா, முதலையா? தண்ணீர் சொல்லாது.

தேடினார்கள். பல்லைப் பார்த்தார்கள். மூக்குக்குள் பார்த்தார்கள். நெஞ்சுப் படம், சிறுநீர், தலை ஸ்கேன். ஸ்கேன் என்றால் வேறொன்றுமில்லை. பெரிய வளையத்துக்குள் தலையை விட்டு அசையாமல் படுக்க வேண்டும். நோகாது. சத்தம்தான். எல்லாவற்றிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் இவர் வெளியே மரத்தடியில் நின்றார். வந்து, "என்னவாம்?" என்பார். "ஒண்டுமில்லையாம்" என்பேன். ஒன்றுமில்லை என்று கேட்கக் கேட்க அவர் முகம் சின்னதானது.

"உடம்பில காயம், புண் ஏதும் இருக்கோ அம்மா?" என்று டொக்டர் கேட்டது.

"இல்ல."

"கை, கால் வீக்கம்?"

"இல்ல."

தாதி காலைப் பார்க்கத் துணியை விலக்கினாள். நான் காலை இழுத்துக்கொண்டேன். வெடித்த கால். வெடிப்புக்குள் கறுப்புச் சேறு, தேய்த்தாலும் போகாது. அந்த வெள்ளைத் துணியில் அதை நீட்டி வைக்க எனக்குக் கூச்சம். "தண்ணியில நிற்கிற கால் புள்ள, இப்படித்தான் கிடக்கும்" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

பெரிய டொக்டர் வந்து நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்தார். தாடை நோவையும் சீப்பையும் பற்றித் திருப்பித் திருப்பிக் கேட்டார். அவர் போன பிறகு பிள்ளை வந்து உட்கார்ந்தது. அது உட்கார்ந்தால் சங்கதி இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"அம்மா, ஐம்பது தாண்டின ஆக்களுக்கு நெத்திப்பொட்டில ஓடுற ரத்தக்குழாயில அழற்சி வரலாம். அரிதுதான். ஆனா வந்தா, கண்ணுக்குப் போற ரத்தம் அடைபட்டுப் பார்வை போகும். போனா திரும்பாது."

"ஒரு கண்ணா?"

"மற்றதும் போகலாம்."

நேராகச் சொன்னதற்காக அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்தது.

நிச்சயம் இல்லையாம். கண் டொக்டர் பார்த்து, கண் இப்போதைக்கு நல்லது என்று சொல்லியிருந்தார். ஆனாலும் காத்திருக்கக் கூடாது, பின்னேரமே பெரிய அளவில் ஸ்டீரொயிட் குளிசை தொடங்குவோம், அந்தக் குழாயில் சின்னத் துண்டு வெட்டியும் பார்ப்போம் என்றது. ஸ்டீரொயிட் என்றால் உடம்பின் சண்டையை அடக்குகிற மருந்து. கனகாலம் குடிக்க வேண்டிவரும். எலும்பு தேயலாம், ரத்தத்தில் சீனி ஏறலாம்.

ராத்தாவும் கேட்டுக்கொண்டிருந்தார். தன் கையை நீட்டி என் கட்டில் விளிம்பில் வைத்திருந்தார்.

மதியம் பார்க்க விடும் நேரம் இவர் வந்தார். நாவற்குடாவில் மகள் வீட்டில்தான் தங்கியிருந்தார். சோறும் சொதியும் தானே ஆக்கிக்கொண்டு வருவார். "மகள் வைச்சா மணக்குது. உனக்கு மணம் ஆகாது. நான் மணமில்லாம வைச்சன்" என்பார். மணமும் இல்லை, உப்பும் இல்லை, புளியும் இல்லை. ஒரு பருக்கை விடாமல் தின்பேன். அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் காசு இல்லை. ஆனால் வலை அங்கே காய்ந்து கிடந்தது. அதைப் பற்றி இவர் பேசவே இல்லை.

பின்னேரக் குளிசையைப் பற்றிச் சொன்னேன். கண்ணைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு பையைத் திறந்து ஒரு சோடி புதுச் செருப்பை எடுத்துக் கீழே வைத்தார்.

"குளிக்கிற இடம் ஈரமாக் கிடக்காம். தாதி சொன்னா. போட்டுப் பாரு."

வலக்காலை விட்டேன். போனது. இடக்காலை விட்டேன். போகவில்லை.

"அளவு சின்னன். மாத்துங்க" என்றேன்.

"அளவு சரி."

"கால் போகுதில்லையே."

"அளவு பிழைக்காது புள்ள. கடையில சாண் போட்டுப் பார்த்துத்தான் எடுத்தன். அந்தக் காலைச் சேத்தில எத்தினை வருசமாப் பார்க்கன்?"

"அப்ப என்ட கால்தான் பிழையா?"

"ஓம். கால்தான் பிழை."

ராத்தாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "கேட்டயளா! தங்கச்சிட மாப்புள செருப்ப மாத்தமாட்டாராம், கால மாத்தட்டாம்!" வாட்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இவர் சிரிக்கவில்லை. நிலத்தில் உட்கார்ந்து என் இடக்காலைத் தூக்கி மடியில் வைத்தார். அத்தனை பெண்கள் பார்க்க. நான் இழுத்தேன், விடவில்லை. உள்ளங்கையை என் காலின் கீழே வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"சுடுகுது" என்றார்.

பிறகு சின்னவிரலுக்குக் கீழே, தடித்த தோலில் பெருவிரலால் அழுத்தினார். நான் கத்தினேன். தலையிடிக்குக்கூட நான் கத்தினதில்லை.

"என்ன இது?"

"கெளிறு மீன் குத்தினது."

"எப்ப குத்தின?"

"மாரிக்கு முன்னம்."

"முள் முழுசா வந்ததா?"

"முறிஞ்சு வந்தது. நெருப்பில வாட்டி எண்ணெய் விட்டன். ஆறிப்போச்சு."

"எனக்குச் சொல்லல்ல."

"உங்களுக்குக் குத்தினதெல்லாம் நீங்க எனக்குச் சொன்னயளா?"

அவர் விரலை எடுத்துவிட்டார். எங்களில் முள் குத்தினதை ஒருத்தியும் சொல்வதில்லை. தண்ணீரில் இறங்கினால் நனையும், முள் குத்தும். நனைந்ததை வீட்டில் போய்ச் சொல்வார்களா? டொக்டர் காயம் இருக்கிறதா என்று கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை. கத்தி வெட்டினால் காயம். முள் வேலை. நடக்கும்போது கொஞ்சம் குத்தும், தோல் காய்த்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

நேரம் முடிந்துவிட்டது என்று எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். இவர் இடக்கால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு டொக்டரைத் தேடிப் போனார். மேசையடியில் பிடித்துவிட்டார். எனக்குக் கட்டிலில் இருந்தே கேட்டது.

"மிஸ், இந்தச் செருப்பு அவவுக்கு அளவு. ஆனாப் போகுதில்ல."

"மாத்தித் தரமாட்டினமோ ஐயா கடையில?"

"செருப்பு வேணாம் மிஸ். காலைப் பாருங்க."

அந்தப் பிள்ளை செருப்பைப் பார்த்தது. இவரைப் பார்த்தது. என்ன நினைத்ததோ, எழும்பி வந்தது. இரண்டு காலையும் சேர்த்து வைத்துப் பார்த்தது. தொட்டது. அழுத்தியது. நான் மறுபடியும் கத்தினேன்.

"எவ்வளவு காலம் அம்மா?"

சொன்னேன். அது கண்ணை மூடித் திறந்தது. பிறகு மெல்லச் சிரித்தது. "உங்களிட்டக் காயம் இருக்கோ எண்டு கேட்டது பிழை. மீன் குத்தினதோ எண்டு கேட்டிருக்கவேணும்" என்றது.

காலைப் படம் பிடித்தார்கள். எலும்புக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோடு ஒன்று கிடந்தது. பின்னேரக் குளிசையை நிறுத்தினார்கள். உள்ளே சீழை வைத்துக்கொண்டு சண்டையை அடக்குகிற மருந்தைக் கொடுத்திருந்தால் அது உடம்பெல்லாம் பரவியிருக்கும் என்று பிள்ளை சொன்னது. அதற்காக நெற்றிப்பொட்டை விட்டுவிடவும் இல்லை. அன்றே அந்தக் குழாயையும் ஸ்கேன் பண்ணினார்கள். தோலுக்கு மேலே களி பூசி ஒரு கருவியை நகர்த்திப் பார்ப்பது. குழாய் சுத்தமாக இருந்தது. கண் டொக்டரும் திரும்பப் பார்த்தார். கண்ணும் நல்லது. அன்று கண் இருண்டதும் சீப்பு வைக்க நொந்ததும் மைக்ரேனால்தானாம். தாடை நொந்தது, நோவைப் பொறுக்க நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததாலாம். கத்தியிருந்தால் நொந்திருக்காது.

காலை விறைக்கப் பண்ணி வெட்டினார்கள். சீழ் வந்தது. பிறகு முள் வந்தது. நகத்து நீளம், வாள் மாதிரிப் பல். சின்னப் போத்தலில் போட்டுத் தந்தார்கள். ராத்தா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தலையிடிக்கு வந்து கால வெட்டிட்டுப் போற ஆள் நீதான்கா."

அதன் பிறகு ஊசி மருந்து. ரத்தம் எடுக்க எடுக்க சி.ஆர்.பி. இறங்கி வந்தது. பின்னேரக் காய்ச்சல் நின்றது. ராத்தா எனக்கு முன்னமே வீட்டுக்குப் போனார். போகும்போது தன் பேரீச்சம்பழப் பொதியை என் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, "மாப்புளட சொதிய அல்லாஹ்தான் மன்னிக்கணும்" என்றார்.

வீட்டுக்கு அனுப்பத் துண்டு எழுதும் நாளில் டொக்டரிடம் கேட்டேன். "இனித் தலையிடி வராதா மிஸ்?"

"வரும் அம்மா. மைக்ரேன் உங்களோட எப்பவும் இருந்தது, இருக்கும். உள்ளுக்க இருந்த அழற்சி அதை அடிக்கடி கிளப்பியிருக்கலாம். அப்பிடித்தான் எண்டு சத்தியம் பண்ண எனக்கு ஏலாது. குறையும் எண்டு நினைக்கிறன்." பிறகு சொன்னது: "ஊரில மற்றப் பெண்களுக்கும் சொல்லுங்கோ. முள் முறிஞ்சா காட்டச் சொல்லுங்கோ. தலையிடி திடீரெண்டு மாதிரி மாறினாலும் காட்டச் சொல்லுங்கோ."

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. அதனால்தான் எழுதினேன்.

வெளிக்கிடும்போது இவர் செருப்பைக் கீழே வைத்தார். கட்டு அவிழ்த்திருந்தார்கள். இடக்கால் போனது. இவர் மூக்கால் ஒரு மூச்சு விட்டார். அது அவருடைய "பார்த்தியா".

ஊருக்கு வந்து கனநாள் தலையிடி வரவில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம் கண்ணுக்குள் அந்தக் கோடு மின்னியது. பாயைப் போட்டேன். வெளியே சேவல் அடித்துக்கொண்டது கேட்டது. தங்கச்சி வீட்டுப் பக்கம் அந்தச் சத்தம் தூரமானது. திரும்பி வந்து ஜன்னலுக்குச் சாக்குப் போட்டார். வாசலுக்குப் போவார் என்று கிடந்தேன். போகவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து என் இடக்காலை மடியில் எடுத்தார். குதியிலிருந்து ஒவ்வொரு இடமாகப் பெருவிரலால் அழுத்தி வந்தார்.

"தலைதான் இடிக்குது" என்றேன்.

"கதைக்காத. உனக்குச் சத்தம் ஆகாது."

இடக்கால் முடிந்தது. வலக்காலை எடுத்தார்.